அரம் பிடித்த கை

1957 செப்டம்பரில் கொழும்பில் கப்பலேறியபோது எனக்குப் பத்தொன்பது வயது. என்னை அனுப்புவதற்காக வாப்பா இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்திருந்தார். "மகன் இஞ்சினியர் படிக்கப் போறார்" என்று சம்மாந்துறைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். நான் போனதோ இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிலுநராக. கிழமையில் ஒரு பகலும் இரண்டு இரவுகளும் தொழினுட்பக் கல்லூரியில் படிப்பு. மற்ற நாட்களெல்லாம் எண்ணெயும் இரும்புத் தூளும்தான்.

யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருடங்களாகியும் அந்நகரின் காயம் ஆறியிருக்கவில்லை. 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டு எரித்த பெரிய தேவாலயத்தின் மொட்டைச் சுவர்கள் அப்படியே நின்றன. பக்கத்தில் புதியது எழும்பிக்கொண்டிருந்தது.

முதல் நாள் பட்டறையில் எனக்குத் தந்தவை கையளவு இரும்புத் துண்டு ஒன்றும் ஓர் அரமும். ஆறு பக்கமும் தட்டையாக, மூலைகள் பிசகாமல் ராவி எடுக்க வேண்டும். வாத்தியார் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து யன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்துவிடுவார். பிறகு நீலச்சாயம் பூசிய வார்ப்பிரும்புத் தட்டில் தேய்ப்போம். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் ராவ வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு அளந்த கணக்கு அது. மூன்று மாதம் அந்த ஒரு துண்டோடு மாரடித்தேன். இப்போதும் என் மேசையில் கடதாசி பறக்காமலிருக்க அதுதான் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் இன்னும் வெளிச்சம் தெரியும்.

வாத்தியார் யுத்தகாலத்தில் கடற்படையில் திருகோணமலையில் இருந்தவராம். நான் எந்த நாடென்று அறிந்ததும் அங்கத்தைய நுளம்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். அவர் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பகலில் அதே பட்டறையில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களும் நிற்பார்கள். கல்லூரிக் கட்டடத்திலேயே அவர்களுடைய தொழினுட்பப் பாடசாலையும் நடந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதுப் பரீட்சையில் தேறியவர்களுக்குக் கிராமர் பாடசாலை, மிகப் பெரும்பாலான மற்றவர்களுக்கு மொடர்ன் பாடசாலை என்றாகியிருந்தது. தொழினுட்பப் பாடசாலைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அண்ணனின் கிராமர் பாடசாலைத் தொப்பியைத்தான் தன் தாய் விருந்தினர் கண்ணில் படும்படி மாட்டி வைத்திருக்கிறாள் என்று ஒரு பையன் சொன்னான். உலகத்துக்கெல்லாம் இயந்திரம் விற்ற நாட்டிலும் பேனைக்கு இருந்த மதிப்பு அரத்துக்கு இல்லை. அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், இரவல் கோட் போட்டு ஸ்டூடியோவில் பிடித்த படத்தைத்தான் நான் ஊருக்கு அனுப்பியிருந்தேன். ஓவரோலோடு கூட்டாளி பிடித்த படம் பெட்டிக்கடியில் கிடந்தது. கடிதங்களில் பரீட்சை, விரிவுரை என்றே எழுதுவேன். யார் யார் கேட்டார்கள், தான் என்ன சொன்னார் என்று வாப்பாவின் பதிலில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்துவிட்டு அடுத்த பொய்யை இன்னும் கவனமாக எழுதினேன்.

1962இல் திரும்பி வந்தேன். சலாம் சொல்லிக் கை கொடுத்தபோது வாப்பா கையை விடவில்லை. திருப்பி, உள்ளங்கைக் காய்ப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மண்வெட்டி பிடித்த மனிதர்.

"இது பேனை புடிச்ச கையா மகன்?"

"இல்ல வாப்பா. அரம்."

பகல் முழுக்க அவர் பேசவில்லை. இஷாத் தொழுதுவிட்டு வந்தவர், வருடக்கணக்காக ஓடாமல் கிடந்த உம்மாவின் தையல் மெஷினைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டு, லாம்பைக் கிட்ட நகர்த்தினார்.