இருபத்தைந்து வருஷப் பாட்டம்

சென்ற வருஷம் மாசி மாதத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நாகர்கோவில் ஜவுளிக் கடை ஒன்றில் நான் எழுதிப் போட்ட சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாக டெலிபோனில் ஒரு பெண் குரல் தேனொழுகச் சொல்லிற்று. ஒரே ஒரு நிபந்தனை: கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டுமாம்.

"பரிசு வாங்கதுக்கு எதுக்கு மக்களே ஜோடி?" என்று கேட்டாள் அத்தை.

அந்தக் கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது புரியவில்லை. 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று இருவரில் ஒருவரும் தப்பிவிடக் கூடாதல்லவா!

ஹோட்டலில் குளுகுளு அறை. சூடான கட்லெட். கழுத்துப் பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் மலையையும் கடலையும் படம் படமாகக் காட்டினார். வருஷத்துக்கு ஏழு நாள் விடுதி வாசம், இருபத்தைந்து வருஷத்துக்கு அங்கத்தினர் உரிமை, விலை 2,40,000 ரூபாய், "இன்றைக்கு மட்டும்!" மூன்று மணி நேரம் ஆயிற்று. குழந்தை என் தோளில் தூங்கிவிட்டாள். எழுந்து போனால் போதும் என்றிருந்தது. முன்பணமாக 40,000 ரூபாயைக் கார்டில் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். அது ஜூன் மாதம் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணம். பரிசு? ஒரு பிளாஸ்க்!

பத்திரிகையில் பிறர் எழுத்தில் ஒற்றுப் பிழை தேடுவதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் பதினாறு பக்கங்களில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

"எத்தனை வருசத்துக்கு?" என்றாள் அத்தை. சொன்னோம்.

"வயலைப் பாட்டத்துக்கு விட்டாக்கூட கன்னிப்பூ, கும்பப்பூன்னு பூவுக்குப் பூ கணக்குப் பாப்போம். நீங்க கண்ணால காணாத எடத்துக்கு இருவத்தஞ்சு வருசம் எழுதிக் குடுத்திட்டு வந்திருக்கியளே!"

அன்றிரவு ஒப்பந்தத்தைப் படித்தேன். போனாலும் போகாவிட்டாலும் வருஷந்தோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதை உயர்த்துவது அவர்கள் இஷ்டம். கேட்ட தேதியில் அறை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பதினான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது: பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் விலகிக் கொள்ளலாம்.

மறுநாள் டெலிபோன் செய்தேன். "மானேஜர் கூப்பிடுவார்" என்றார்கள். கூப்பிடவில்லை. அடுத்த நாள், "அவசரப்படாதீர்கள் மேடம், இரண்டு நாள் இலவசமாகத் தருகிறோம்" என்றார்கள். இப்படியே ஏழு நாட்கள் கரைந்தன.

எதிர் வீட்டு ஸார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும், "டெலிபோனில் பேசினது காற்றில் எழுதினது மாதிரி, அம்மா. நீங்கள் பேசப் பேச உங்கள் பத்து நாள்தான் குறைகிறது. இன்றைக்கே எழுதுங்கள்" என்றார்.

எட்டாம் நாள் எழுதினேன். ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, ரத்துச் செய்கிறேன், பணத்தைத் திருப்புங்கள் — நான்கே வரி. ஸ்பீட் போஸ்டில் ஒன்று, ஈ-மெயிலில் ஒன்று. ரசீதைச் சுவாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். மீதித் தவணைகளைப் பிடிக்க வேண்டாம் என்று பாங்குக்கும் எழுதிக் கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: 'ரத்தை ஏற்றுக் கொள்கிறோம். முன்பணம் நிர்வாகச் செலவுக்குச் சரியாகிவிட்டது!'

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஐரோப்பிய யூனியனில் 2008-ஆம் வருஷ உத்தரவுப்படி, இப்படிப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது. நம் நாட்டில் இந்த வியாபாரத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். நாம் குடியிருக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரையில் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். அதற்கு முன்பு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் சொல்லி வைக்கலாம்.

நானும் 1915-இல் புகாரைப் பதிந்தேன். பிறகு, நாகர்கோவிலில் ஆணையத்துக்குப் போகப் போவதாக நோட்டீஸ் அனுப்பினேன். இதற்கிடையே ஜூன் வந்துவிட்டது. என் வளையல் ஜோடி ஒன்று அடகுக் கடைக்குப் போயிற்று. அது இல்லாத கையோடு குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆடி மாதம் 34,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி ஆறாயிரத்துக்கும் போராடலாமா என்று இவர் கேட்டார்.

"விடு மக்களே, அது உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம்" என்றாள் அத்தை.

வளையலை மீட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புளிச்சாதம் கட்டிக்கொண்டு, பஸ் ஏறித் திற்பரப்பு அருவிக்குப் போனோம். குழந்தை தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க ஆரும் கையெழுத்துக் கேக்கலியே?"