ஆராய்ச்சி மணியும் இழப்பீட்டு மனுவும்

சாலையில் ஊர்தி மோதி ஒருவர் வீழ்ந்தால் அடுத்து நாம் நாடுவது காவல் நிலையம். மோதியதே காவல் ஊர்தியாயின் எங்குச் செல்வது? இவ்வினாவின் முன் கற்றோரும் வாயடைத்து நிற்பதைக் கண்டிருக்கின்றோம். அரசை எதிர்த்து எளியவன் என்ன செய்ய இயலும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

தமிழ் பயில்வோர்க்கு மனுநீதிச் சோழன் வரலாறு புதியதன்று. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் சிக்கிக் கன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். கண்ணகி பாண்டியன் அவையில் இதனை எடுத்துரைப்பதைச் சிலப்பதிகாரத்தில் காண்கின்றோம். பெரியபுராணத்திலோ இறையருளால் கன்று உயிர்பெற்று எழுகின்றது. நம் வீதிகளில் மாண்டவர் எழுவதில்லை. ஆகவே, தண்டனை அளித்த அளவில் நீதி நிறைவடைந்துவிடாது. எஞ்சியிருப்போர் வாழ வழி காண வேண்டும். அவ்வழிக்கே சட்டம் இழப்பீடு என்று பெயரிட்டுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன், நமக்கு நன்கு பழக்கமான தையற்காரர் ஒருவர் இரவில் கடையடைத்து மிதிவண்டியில் திரும்புகையில், ரோந்து சென்ற காவல் ஜீப் மோதி உயிர் நீத்தார். அவருக்கு வயது 42. மனைவி, இரு பெண் மக்கள், முதிய தாய் என நால்வர் அவர் உழைப்பை நம்பியிருந்தனர். துக்கம் விசாரிக்கச் சென்ற இடத்தில் பெரியவர் ஒருவர், "அவங்களோட வழக்காடி இந்த ஊர்ல இருக்க முடியுமா தம்பி? கொடுக்கிறதை வாங்கிக்கிட்டுப் பேசாம இருக்கிறதுதான் நல்லது" என்றார். அது அக்கறையில் பிறந்த சொல்லே. ஆனால் அவ்வம்மையார் திரைக்குப் பின்னிருந்து, "யாரையும் தண்டிக்கச் சொல்லல சார். பிள்ளைங்க படிப்பு நின்னுடக் கூடாது" என்றார். அச்சொல்லே நம்மை அவருடன் வழக்கறிஞரிடம் செல்லத் தூண்டியது. அங்குக் கேட்டும் பின்னர்ப் படித்தும் அறிந்தவற்றை இங்கு வைக்கின்றோம்.

அரசின் மீது வழக்கிடலாகுமா என்பதே முதல் ஐயம். இதற்கு விடை காண இந்நாட்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. கல்கத்தாவின் கிதர்ப்பூர்க் கப்பல் துறையில் அரசுத் தொழிலாளர் இரும்புத் துண்டொன்றைக் கீழே போட்ட ஓசையில் ஒரு வண்டிக் குதிரை மிரண்டு காயமுற்றது. குதிரைக்குரிய கப்பல் நிறுவனம் வழக்கிட்டது. அரசு பொறுப்பேற்க வேண்டுமென 1861-இல் தீர்ப்பாயிற்று.

மனிதருக்கு அந்நீதி கிட்டியது 1962-இல். உதயப்பூர் மாவட்ட ஆட்சியரின் அலுவல் ஜீப்பை 1952 பிப்ரவரியில் பணிமனையிலிருந்து ஓட்டுநர் மீட்டு வருகையில், நடைபாதையில் சென்றவர் மீது மோதினார். அவர் மூன்று நாளில் இறந்தார். அவர்தம் மனைவியும் மூன்று வயது மகளும் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 15,000 ரூபாய் வழங்கியது. ராஜஸ்தான் அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. இதுவே வித்யாவதி வழக்கு.

ஆயினும் 1964-இல் கஸ்தூரிலால் வழக்கில் காற்று எதிர்த்திசையில் வீசியது. மீரட் நகரில் காவலர் கைப்பற்றி வைத்திருந்த பொன்னைத் தலைமைக் காவலர் ஒருவர் எடுத்துக்கொண்டு தலைமறைவானார். பொருளைக் கைப்பற்றுதல் இறையாண்மை சார்ந்த அதிகாரம். ஆதலின் அரசு ஈடு செய்ய வேண்டியதில்லை என நீதிமன்றம் கூறியது. "ரோந்துப் பணியில் இருந்தோம்" என்று காவல் ஊர்தி வழக்குகளில் எழும் வாதத்தின் வேர் இதுவே. 1994-இல் நாகேந்திர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கொள்கையின் எல்லையைப் பெரிதும் குறுக்கியது.

ஊர்தி விபத்துகளுக்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988 தனி வழி வகுத்துள்ளது. அதன் 166ஆம் பிரிவின்படி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நிகழ்ந்த ஊரிலேயே வழக்கிட வேண்டுமென்பதில்லை. மனுதாரர் வாழும் பகுதியின் தீர்ப்பாயத்தையும் நாடலாம். வழக்கின் எதிர்த்தரப்பார் ஓட்டுநரும் ஊர்திக்கு உரிய மாநில அரசுமே. வணிக நோக்கமற்ற அரசு ஊர்திகளுக்குக் காப்பீட்டுக் கட்டாயத்திலிருந்து 146ஆம் பிரிவு விலக்கு அளிக்கின்றது. ஆகவே காப்பீடு இல்லையென்று கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. அங்கு அரசின் கருவூலமே பொறுப்பேற்கும்.

குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 106ஆம் பிரிவு பொருந்தும். குற்ற வழக்கில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ நிகழ்ந்திருக்கக் கூடியது எது என்பதே அளவுகோல். ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு அதனாலேயே வீழ்ந்துவிடாது.

நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பதிய மறுப்பின், புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன் பின் குற்றவியல் நடுவரை அணுகலாம். உடற்கூறு ஆய்வறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, வயதுக்கும் வருவாய்க்குமான சான்றுகள் ஆகியவற்றைப் பேண வேண்டும். விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டுமென்ற வரையறை 2022 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. எனினும் அக்காலத்துக்குள் மனுச் செய்வதே பாதுகாப்பு. மகளிர்க்கு, வருவாய் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

தொகையும் மனம்போல் வழங்கப்படுவதன்று. 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பும் 2017-ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பும் கணக்கை வகுத்துள்ளன. 42 வயதுள்ள, சொந்தத் தொழில் செய்பவரின் மாத வருவாய் 12,000 ரூபாய் எனக் கொள்வோம். எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 25 கூட்ட 15,000; சார்ந்திருப்போர் நால்வராதலின் அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக் கூடிய காற்பங்கை நீக்க 11,250. ஆண்டுக்கு 1,35,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 14. ஆகப் பெறுவது 18,90,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவை இதன்மேற் சேரும். இறந்தவரிடமும் கவனக்குறைவு இருந்ததென மெய்ப்பிக்கப்பட்டால் அதற்கேற்பத் தொகை குறையும்.

நாம் குறிப்பிட்ட வழக்கிலும் மிதிவண்டியில் விளக்கில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சாலை விளக்கின் கீழ் நிகழ்ந்த மோதல் அஃதெனச் சான்று கூறத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் முன்வந்தார். தீர்ப்பு அக்குடும்பத்துக்குச் சார்பாக அமைந்தது. ஆயினும் பணம் எளிதில் வரவில்லை. நிறைவேற்று மனு ஒன்று வேண்டியதாயிற்று. இழப்பீடு செலுத்தாமைக்காக அரசுப் பேருந்துகள் ஜப்தி செய்யப்படும் செய்திகளைப் படிக்கும் நமக்கு இது வியப்பன்று. இறுதியில் தொகை வந்தது. மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்தாள். தந்தை இல்லாத வீடு தந்தை இல்லாத வீடாகவே இருக்கின்றது. எனினும் அவ்வீட்டார் எவரிடமும் கையேந்தவில்லை.

காவலர் நம் பகைவரல்லர். இரவிலும் விழித்திருந்து நம்மைக் காப்போர் அவரே. அவர்தம் ஊர்தியால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்பது பகையுமன்று, இரத்தலுமன்று; சட்டம் தந்த உரிமையைக் கேட்பதே ஆகும். பெரியோர்கள் இதனை அஞ்சுவோர்க்கு எடுத்துரைக்க வேண்டும். மாணவச் செல்வங்களே, நீவிர் கற்கும் தமிழ் தேர்வுத்தாளோடு நின்றுவிட வேண்டா. நாளும் இடமும் நிகழ்ந்ததும் பிறழாமல் ஒரு புகாரைத் தெளிவாக எழுதித் தரப் பழகுங்கள். சோழன் வாயிலில் பசுவுக்கு ஒரு மணி இருந்தது. உங்கள் தெருவில் எழுத்தறியாத தாய்க்கு அம்மணியாக உங்கள் எழுதுகோல் அமையட்டும்.