ஈடு

பிஎச் 7.34, கரியமில வாயு அழுத்தம் 60, பைகார்பனேட் 32. தமனிக் குருதி வளிமச் சோதனையின் முடிவுத்தாள் இத்துணைச் சுருக்கமானது. மணிக்கட்டுத் தமனியில் ஊசி செலுத்தி எடுத்த சிறிதளவு குருதி, சில நிமிடங்களில் இந்த எண்களாகிவிடுகிறது. இத்தாள், கோலார் தங்கவயலின் ஆழத்தில் பல்லாண்டுகள் பாறை துளைத்து, முதுமையில் பெங்களூருவின் ஏதோ ஒரு அவசரப் பிரிவுக்கு மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்த ஒருவருடையது என்று வைத்துக்கொள்வோம்.

தாளைப் படிப்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. கரியமில வாயு குருதியில் கரைந்தால் அமிலம். அதை வெளியேற்றுவது நுரையீரலின் பொறுப்பு. பைகார்பனேட் காரம், அதைக் காப்பது சிறுநீரகத்தின் பொறுப்பு. முன்னது 35 முதல் 45 வரையும், பின்னது 22 முதல் 26 வரையும் இருப்பது இயல்பு. இவ்விரண்டின் விகிதமே 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டிய பிஎச். எனவே எந்த எண்ணுக்கும் தனிப்பொருள் இல்லை. ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டைச் சொற்கள் தீர்மானிப்பது போலவே, 32 என்பதன் பொருளை அதனருகில் உள்ள எண்களே தீர்மானிக்கின்றன. ஓயாமல் வாந்தியெடுத்து வயிற்று அமிலத்தை இழந்தவருக்கும் பைகார்பனேட் 32 வரலாம். ஆனால் அவருடைய பிஎச் 7.46 என்று காரப்பக்கம் சாய்ந்திருக்கும். தங்கவயல் முதியவரின் 32 அப்படிப்பட்டதன்று. அது அமிலத்துக்கு எதிராக எழுந்தது.

இவ்வேறுபாட்டை உலகம் கற்றது பெருவிலை கொடுத்துத்தான். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத்தசை செயலிழந்த நோயாளிகளின் குருதியில் பைகார்பனேட் மிகுந்திருந்தது. மருத்துவர்கள் அதைக் காரமிகுதி என்று படித்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென், அது வெளியேற வழியின்றித் தேங்கிய கரியமில வாயுவின் விளைவு என்றார். குருதியின் பிஎச்சை அளந்தபோது அவர் சொன்னதே மெய்யாயிற்று. மூச்சுக்குழாயில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்திக் காற்றூட்ட, இறப்பு பெருமளவு குறைந்தது. எண் மாறவில்லை, அதைப் படித்த முறை மாறியது.

எண்களுக்குள் காலமும் உண்டு. நுரையீரல் நிமிடங்களில் இயங்கும். சிறுநீரகத்துக்கு நாட்கள் வேண்டும். நேற்றுவரை நலமாயிருந்தவருக்குக் கரியமில வாயு திடீரென்று 60க்கு ஏறினால், பைகார்பனேட் 26 அளவில்தான் இருக்கும், பிஎச் 7.25க்கு வீழ்ந்துவிடும். அதே 60க்கு எதிரே 32 நிற்கிறது என்றால், இது ஓரிரவில் நேர்ந்ததன்று. சிறுநீரகங்கள் நெடுநாளாகக் காரத்தைச் சேமித்து வந்துள்ளன.

அந்த நெடுநாளின் வரலாறு தங்கவயலில் இருக்கிறது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் அங்கே சுரங்கத்தொழில் விரிந்தபோது, வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பாறையின் உள்ளே இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. தங்கம் படிகக்கல் இழைகளில் இருந்தது. படிகக்கல்லைத் துளைத்தால் எழும் நுண்தூசி சிலிக்கா. அது நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. தூசியை விட்டு விலகிய பின்னும் தழும்பு வளரக்கூடும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூச்சுக்குள் சென்ற தூசிக்கு அத்தகைய முடிவுநாள் இல்லை.

சிலிக்கோசிஸ் தொடக்கத்திலேயே இத்தகைய தாளைத் தருவதில்லை. முதலில் குருதி வளிமங்கள் இயல்பாகவே இருக்கலாம். பிறகு உயிர்வளி குறையும். அதை ஈடுகட்ட விரைந்து மூச்சு வாங்குவதால் கரியமில வாயுவும் குறைந்தே காணப்படும். காசநோயும் புகைப்பழக்கமும் சேர்ந்து, மூச்சுத்தசைகள் களைத்துப்போகும் பிற்காலத்தில்தான் அது தேங்கத் தொடங்கும். ஆகவே 60 என்பது பலருக்குக் கடைசிக் கட்டத்தின் எண்.

இங்கேதான் படிப்பில் நேரும் பிழை உயிரைத் தொடுகிறது. நெடுநாள் தேக்கத்துக்குப் பழகிய உடலுக்கு உயிர்வளியை அளவின்றிக் கொடுத்தால், கரியமில வாயு மேலும் ஏறி நோயாளி உறக்கத்திலிருந்து மயக்கத்துக்கு நழுவலாம். அதனால்தான் இத்தகையோருக்கு உயிர்வளிச் செறிவை 88 முதல் 92 விழுக்காட்டில் நிறுத்துமாறு மருத்துவம் அறிவுறுத்துகிறது. மறுபுறம், 60ஐ மட்டும் கண்டு திடீர் வீழ்ச்சி என்று அஞ்சினால், தேவையற்ற குழாய் தொண்டைக்குள் இறங்கக்கூடும்.

சிறுநீரகம் செய்யும் இவ்வேலைக்குத் தமிழில் ஈடுசெய்தல் என்று பெயர். தொழிலால் நோயுற்றவருக்குச் சட்டம் தருவதும் இழப்பீடுதான். மைசூர் அரசு 1940இல் சிலிக்கோசிஸுக்கென்று விதிகளை வகுத்து, அதை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்றது. சட்டத்தின் ஈட்டுக்கு ஊடுகதிர்ப்படமும் சான்றிதழும் வேண்டும். உடலின் ஈடு எதையும் கேட்பதில்லை. ஆனால் இரண்டும் இழந்ததை மீட்டுத் தருவன அல்ல. பிஎச்சை 7.34 வரை தூக்கி நிறுத்தும் சிறுநீரகம், நுரையீரலின் ஒரு தழும்பையும் ஆற்றுவதில்லை. ஈடு என்ற சொல்லுக்கு அடமானம் என்ற பொருளும் உண்டு.

பிஎச் ஏறக்குறைய இயல்பாக இருப்பதால் இத்தாளை ஒதுக்கிவிடவும் கூடும். ஒதுக்காமல் இருக்க, தாளில் இல்லாத ஒரு கேள்வி தேவை. "என்ன வேலை பார்த்தீங்க, பெரியவரே?" என்று பணியிலிருக்கும் இளம் மருத்துவர் கேட்க வேண்டும். "மைன்ஸ்ல, அண்டர்கிரவுண்டு" என்று மூச்சு வாங்கியபடி வரும் விடையைக் குறிப்பேட்டில் எழுதவும் வேண்டும். அதன்பிறகே 32 என்ற எண் முழுமையாகப் படிக்கப்படுகிறது.