அலுவல் இல்லாத ஒரு நாள்

எங்கட வீடுகளில் பயணம் என்றால் அதுக்குப் பின்னால் எப்பவும் ஒரு அலுவல் இருக்கும். ஆஸ்பத்திரி, பாஸ்போட், விசா, நேர்த்திக்கடன், கலியாணவீடு, செத்தவீடு. சும்மா இடம் பாக்கப் போறது வெளிநாட்டில இருந்து லீவுக்கு வாறவை செய்யிற வேலை. நாங்கள் அப்படி வெளிக்கிட்டால் "காசு கூடிப்போச்சோ?" என்று அயலட்டை கேட்கும்.

என்ட அம்மாவும் அப்பாவும் 1999 இல் கலியாணம் கட்டினவை. அப்ப யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போறதெண்டாலே பாஸ் எடுத்து, திருகோணமலைக்குக் கப்பல் ஏறவேணும். தேனிலவுக் கதைக்கே இடமில்லை. அதுக்குப் பிறகும் அவை இரண்டு பேரும் சேர்ந்து போன தூரப் பயணங்களை விரல்விட்டு எண்ணலாம். 2006 இல் ஏ9 பாதை பூட்டின பிறகு, அப்பாவின்ட வருத்தத்துக்காகக் கப்பலில் வெளிக்கிட்டு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கிடந்தது ஒன்று. சிதம்பரத்துக்கு நேர்த்தி வைச்சுப் போனது ஒன்று. கலியாணத்துக்கு முந்தி, 1995 ஐப்பசி இடப்பெயர்வில், ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருக்கினம். "அதுதான் நாங்கள் முதல் முதல் சேந்து போன பயணம்" என்று அம்மா பகிடியாச் சொல்லுவா.

கலியாணம் முடிஞ்சு 25 வருசம் ஆனபோது அண்ணா தன்ட சம்பளத்தில சேர்த்த காசில் கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டான். கம்பஸ் லீவு என்றபடியால் நானும் கூட. என்ட வேலை, போனில் வழி பாக்கிறதும் இங்கிலிஷ் கதைக்கிறதும்.

முதல் நாள் காலமை பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க அம்மா கேட்டா, "எத்தினை மணிக்கு அங்க நிக்கோணும்?"

"எங்கையம்மா?"

"அதுதான், இண்டைக்குப் போற இடத்தில."

ஒரு இடத்திலயும் ஒரு நேரத்துக்கும் நிக்கத் தேவையில்லை என்று நான் சொன்னதை அவ நம்பேல்லை. மலேசியா எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அப்பா மணிக்கூட்டை மாத்திப்போட்டார், அம்மா மாத்தேல்லை. அவவின்ட கைப்பைக்குள்ள ஒரு பிளாஸ்ரிக் பைல் இருந்தது. அடையாள அட்டைக் கொப்பி, ஹோட்டல் பதிவு, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவுச் சான்றிதழ்.

"கலியாணப் பதிவு ஏனம்மா?"

"ஆரும் கேட்டால்?"

முதலில் பத்து மலைக்கு. கே.எல். சென்ரலில் இருந்து கொமியூட்டர் ரயில் நேரா அங்க போகுது. அதில பெண்களுக்கு மட்டும் என்று பிங்க் நிறத்தில் பெட்டி இருக்கு. அப்பா கவனிக்காமல் எங்களோட ஏறிட்டார். ஒரு அக்கா சிரிச்சுக்கொண்டு அறிவித்தலைக் காட்ட, அவர் வெக்கப்பட்டு மற்றப் பெட்டிக்குப் போனார். ஒரு நிமிசம்தான். அம்மா எழும்பி, "நீ இரு பிள்ளை" என்று என்னை விட்டிட்டு அவருக்குப் பின்னால் போயிட்டா. இரண்டு பேரும் யன்னல் பக்கமா நிண்டு கதைச்சுக்கொண்டு வந்ததைக் கண்ணாடியால் பார்த்தன். வீட்டில அவை என்ன சாமான் முடிஞ்சுது, ஆர் கரண்ட் பில் கட்டுறது என்றுதான் கதைப்பினம்.

பத்து மலையில் 272 படி. கீழ 2006 இல் திறந்த 42.7 மீற்றர் முருகன் சிலை. படிக்கு 2018 இல் அடிச்ச வானவில் நிறங்கள். முழங்கால் நோவோட அம்மா முழுப் படியும் ஏறினா. கோயில் என்றபடியால் அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை. கும்பிடுறது ஒரு அலுவல்தானே. இறங்கின பிறகுதான் "இனி என்ன?" என்று முழிச்சினம்.

அப்பா ஒரு அலுவல் கண்டுபிடிச்சார். பழைய ரயில்வே ஸ்டேசன்.

அவரின்ட அப்பப்பா மலாயன் ரயில்வேயில் கிளார்க். ரப்பர் தோட்டங்களுக்கும் தண்டவாளம் போடவும் தமிழ்நாட்டிலிருந்து கூலியாட்களைக் கொண்டுபோன வெள்ளைக்காரர், மேசை வேலைக்கு மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலிஷ் படிச்ச யாழ்ப்பாணத்தாரை எடுத்தவை. ஒரே மொழி கதைச்சாலும் இரண்டு பகுதியும் ஒரே வரிசையில் நிக்கேல்லை. எங்கட ஊர்களில் 'மலாயன் பென்சனியர்' என்று ஒரு வகையே இருந்தது. மலாயாக் காசில் கட்டின கல்வீடுகள் இப்பவும் நிக்குது.

1910 இல் கட்டி முடிச்ச அந்த ஸ்டேசன், வெள்ளை நிறத்தில் குவிமாடங்களோட அரண்மனை மாதிரி இருக்கு. 2001 இல் கே.எல். சென்ரல் வந்த பிறகு அதில ஆரவாரம் குறைவு. எதிர்ப்பக்கம் 1917 இல் கட்டின ரயில்வே தலைமைக் கட்டிடம். "இதுக்குள்ளதான் இருந்து எழுதியிருப்பார்" என்று அப்பா தானாகவே தீர்மானிச்சு, வெயிலில் நிண்டு படம் எடுத்தார். எனக்கும் சந்தோசமாத்தான் இருந்தது. கம்பஸில் வரலாறு படிக்கிறவளுக்கு இதைவிட என்ன வேணும்?

அம்மா நிழலில் நிண்டு கேட்டா, "இஞ்சருங்கோ, அந்தக் கிழவியை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தவரோ?"

"ஆரை?"

"உங்கட அப்பாச்சியை. அவற்ற மனிசியை."

அப்பா கொஞ்ச நேரம் பேசேல்லை. "இல்லை. அவ ஊரிலதான்."

"மணியோடர் வந்தது, ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பிள்ளை வந்தது. அவ இந்த ஸ்டேசனைப் பாக்கேல்லை, என்ன?"

கோவத்தில கேட்டதில்லை. சாதாரணமாத்தான் கேட்டா. ஆனா எனக்கு அது சுட்டது. மலாயன் பென்சனியரைப் பற்றி எத்தனையோ கதை கேட்டிருக்கிறன். அந்தக் கல்வீட்டுக்குள்ள இருந்து முப்பது வருசம் அவர் வாற நாளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிசியின்ட பெயர்கூட எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அவவுக்குக் கடல் தாண்ட அலுவல் இல்லை, அவ்வளவுதான்.

"சரி, உங்கட தாத்தாவைப் பாத்தாச்சு," அம்மா சொன்னா. "இனி அந்த ரெண்டு கோபுரத்தைப் பாப்பம்."

"அங்க என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யிறேல்ல. பாக்கிறது."

பசார் செனியில் இருந்து எல்.ஆர்.டி. எடுத்து கே.எல்.சி.சி. போனோம். 452 மீற்றர், 88 மாடி. 1999 இல்தான் அதிகாரபூர்வமாத் திறந்தது என்று நான் வாசிச்சுச் சொல்ல, "அப்ப எங்கட கலியாணத்தின்ட வயசு" என்றா அம்மா. மேல ஏற டிக்கெட் விலை என்றபடியால் ஏறேல்லை. பூங்காவில் ஒரு வாங்கில் இருந்தோம். அப்பா முதல் அரை மணித்தியாலம் இருப்புக்கொள்ளாமல் எழும்பி எழும்பி நடந்தார். பிறகு பக்கத்தில வந்து இருந்தார். கைப்பை தோளில் அழுத்துது என்று அம்மா சொல்ல, பைலோட சேர்த்து அதை வாங்கி மடியில வைச்சுக்கொண்டார். அவ கையை வீசிக்கொண்டு தனியாக் குளத்தைச் சுத்தி நடந்தா. அம்மா கையில ஒரு பையோ பிள்ளையோ இல்லாமல் நடந்ததை நான் அண்டைக்குத்தான் பார்த்தன்.

இருட்டின பிறகு நீரூற்றுக்கு லைட் போட்டவை. இரண்டு பேரும் வடிவா என்றுகூடச் சொல்லேல்லை, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவை. திரும்பி வரேக்கதான் அம்மா சொன்னா, "காலமையில இருந்து ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல."

எங்க போறீங்கள், ஏன் போறீங்கள், ஆரிட்டப் போறீங்கள், எப்ப திரும்புவீங்கள். அவவின்ட இளமைக்காலம் முழுக்க ஒவ்வொரு சென்ரியிலும் கேட்ட கேள்விகள். அதுக்கெல்லாம் பதில் வைச்சிருக்கத்தான் அந்தப் பைல். எங்களுக்கு ஊர் சுத்திறது இன்ஸ்ராவில் போடுற படம். பெற்றோர் போகாமல் இருந்ததை 'அவைக்கு விருப்பமில்லை' என்று நாங்கள் லேசாச் சொல்லிப்போடுறம். விருப்பமில்லாமல் இல்லை. காரணம் காட்டாமல் வெளிக்கிடலாம் என்று அவைக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

உங்கட வீட்டு அலுமாரியிலயும் அப்படி ஒரு பைல் கட்டாயம் இருக்கும். தூர நாடு வேண்டாம், காசில்லாட்டி கசூரினா பீச்சுக்காவது, நேர்த்தியும் இல்லாமல் செத்தவீடும் இல்லாமல், இரண்டு பேரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. முதல் அரை மணித்தியாலம் இருப்புக்கொள்ளாமல்தான் இருப்பினம். கொஞ்சம் பொறுங்கோ.