விட்டுப் பிடித்தல்

நாலரை அங்குல நீளம், முக்கால் அவுன்ஸ் எடை. சுருட்டு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. வண்ணத்தில் தீட்டிய இரண்டு கண்கள், வயிற்றடியில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு மும்முனை முட்கள். இதன் பெயர் ஸாரா ஸ்பூக். அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்களின் பெட்டிக்குள் இதுவோ இதன் பங்காளிகளில் ஒன்றோ அநேகமாக இருக்கும். இந்தப் பொய்யிரையை நீர்ப்பரப்பின்மேல் இடமும் வலமுமாக நடக்கவைக்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு இரண்டு கோடைகாலங்கள் பிடித்தன. நடுவில், கற்றுக்கொடுத்தவரின் கையிலேயே அதன் முள்ளை ஏற்றினேன். எழுத உட்கார்ந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். 2021 ஜூனில் ஒரு மாலை, தன் சிறிய படகைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "மீன் பிடிப்பாயா?" என்று கேட்டார். சிறுவயதில் ஊர்க் கண்மாயில் தூண்டில் போட்டிருக்கிறேன் என்றேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வாரமே என்னை உரிமச்சீட்டு வாங்கவைத்தார். சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குப் படகைப் பின்னால் இழுத்துக்கொண்டு லேக் ஃபோர்க்கிற்குப் புறப்பட்டோம். கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம்.

லேக் ஃபோர்க் மனிதன் உண்டாக்கிய ஏரி. சபைன் நதியில் சேரும் ஓர் ஓடையை மறித்து 1980இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். நீர் ஏறுமுன் மரங்களை முழுவதுமாக வெட்டி அகற்றவில்லை. அவை நின்ற இடத்திலேயே மூழ்கிச் செத்தன. நாற்பது வருடங்கள் கழித்தும் அவற்றின் வெளிறிய உச்சிகள் நீருக்கு மேல் நிற்கின்றன. படகுகள் மோதாமல் செல்ல மிதவைகள் கட்டி வழி குறித்திருக்கிறார்கள். விடியலுக்கு முந்தைய சாம்பல் ஒளியில் முதன்முறை பார்த்தபோது, ஏதோ ஒரு ஊரை நீருக்குக் கொடுத்துவிட்டு வந்த உணர்வு ஏற்பட்டது. மீனுக்கோ அது வீடு. டெக்ஸாஸ் மாநிலத்தின் மிகப்பெரிய லார்ஜ்மவுத் பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் பிடிபட்டது.

பொய்யிரைக்கு ஒரு கதை உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பாளர், ஆலைக் குளத்தின் கரையில் நண்பருக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். நண்பர் வந்ததும் துண்டைத் தண்ணீரில் வீசிவிட்டு எழுந்தபோது, ஒரு பாஸ் பாய்ந்து அதைத் தாக்கியதாம். கதை எந்த அளவு உண்மையோ, அந்த ஊரில் அவர் தொடங்கிய நிறுவனம் உண்மை. அதன் மரத்தாலான பொய்யிரை ஒன்றுக்குப் பிறகு பிளாஸ்டிக் உடல் கிடைத்து, 1939வாக்கில் ஸாரா ஸ்பூக் ஆனது. புளோரிடாவின் பென்சகோலா நகரில் ஸரகோஸா என்றொரு தெரு இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் வாடிக்கையாளரைத் தேடி நின்ற பெண்களின் ஒசிந்த நடையைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். இந்த அசைவுக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயரோ இன்னும் எளியது: நாயை நடத்திப்போவது. "முப்பது வருடம் நாய்களிடம் கடிபடாமல் நடந்தவன் நான், இப்போது நாயை நான் நடத்துகிறேன்" என்பார் கிழவர். அந்த நகைச்சுவையை ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் சிரித்தேன்.

என் கையில் நாய் நடக்கவில்லை. வீசுவேன், அது மரங்களுக்கிடையே விழும், வளையங்கள் அடங்கும்வரை காத்திருப்பேன். பிறகு கோலின் நுனியைத் தாழ்த்தி மணிக்கட்டால் சுண்டுவேன். பொய்யிரை என்னை நோக்கி நேராக, கயிற்றில் கட்டி இழுத்த செருப்பைப்போல வந்து சேரும். படகின் முன்முனையில் நின்ற அவர் அதே கோலால், அதே பொய்யிரையால், பார்க்காமலேயே அதை நடக்கவைத்துக்கொண்டிருந்தார். இடது, வலது, இடது, வலது. ஒவ்வொரு திருப்பத்திலும் நீர் மெல்ல 'ப்ளக்' என்று பேசும்.

நான் மென்பொருள்காரன். ஒன்று இயங்கவில்லையென்றால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். முதல் காரணம் நரம்பு. நான் வாங்கியிருந்தது ஃபுளோரோகார்பன். அது நீரில் அமிழக்கூடியது, பொய்யிரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். நைலானுக்கு மாறினேன். இரண்டாவது, முடிச்சு. மூக்கின் வளையத்தை இறுக்கிக் கட்டியிருந்தேன், அது தலையைத் திருப்பவிடவில்லை. தளர்ந்த கண்ணி முடிச்சு போடக் கற்றுக்கொண்டேன். அப்போதும் நேராகவே வந்தது.

மூன்றாவது காரணம் நான்தான். அதை அவர் ஒரு வரியில் சொன்னார்: "நீ சுண்டுகிறாய், ஆனால் திருப்பிக் கொடுப்பதில்லை."

விஷயம் இதுதான். பொய்யிரையின் பின்பாகம் கனமானது. அதனால் அது மூக்கைச் சற்றுத் தூக்கியபடி மிதக்கும். நரம்பு தொய்வாக இருக்கும்போது சுண்டினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். உடனே கோலின் நுனியை இரையை நோக்கிக் கொண்டுபோய் நரம்பை மறுபடியும் தொய்யவிட்டால், அது திரும்பிய திசையிலேயே வழுக்கிச் செல்லும். அடுத்த சுண்டலின்போது மூக்கு விலகி நிற்பதால், இழுப்பு பக்கவாட்டில் பிடித்து அதை எதிர்த்திசைக்குத் திருப்பும். ரீலைச் சுற்றுவது தொய்வில் மிகுந்ததை வாங்கிக்கொள்ள மட்டும்தான். நரம்பு எப்போதும் விறைப்பாக இருந்தால் மூக்குக்குத் திரும்ப இடமேது? இழுப்பு அசைவைத் தொடங்கிவைக்கிறது. நடையைத் தருவது தொய்வு.

இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆனது. கை புரிந்துகொள்ள அந்தக் கோடை முழுவதும் ஆனது. வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "விட்டுப் பிடிக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்றதுதானே, அது உங்களுக்கு எப்ப வந்தது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மகளின் பள்ளித் தேர்வுகளிலிருந்து அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர்கள்வரை, அவள் மனத்தில் ஒரு பட்டியல் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் இறுதியில் ஒருநாள் அது நடந்தது. பத்து தப்படி நடந்திருக்கும். பிறகு நானே அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு இழுத்துவிட்டேன்.

*

நடக்கவைப்பது பாதிக் கல்விதான். மீதி, மீன் அடிக்கும்போது என்ன செய்வது என்பது. பாஸ் நீருக்கு அடியிலிருந்து எழும்பி மேற்பரப்பை உடைக்கும் சத்தம், அமைதியான காலையில் யாரோ வாளித் தண்ணீரைக் கொட்டியதுபோல இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் உடம்பு தூக்கிப்போடும். அந்த நொடியில் கோலை வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது.

இது எனக்குப் புதிய பாடமல்ல. அப்பா சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் விரால் பிடிப்பார். சிறு தவளையை முள்ளில் கோர்த்து, அல்லி இலைகளுக்கு இடையே நீர்மேல் தத்தவிடுவார். விரால் மேலெழுந்து கவ்வும்போது நான் பதறுவேன். "பொறுடா, வாய்க்குள்ள வாங்கட்டும்" என்பார் அப்பா. ஆனால் இங்கே எனக்கு ஒரு வாதம் இருந்தது: தவளை உயிருள்ள சதை, மீன் அதை விடாது. இதுவோ பிளாஸ்டிக், சுவை தெரிந்த கணமே துப்பிவிடும். ஆகவே விரைந்து இழுக்கவேண்டும்.

கிழவர் வாதத்தை முழுவதும் கேட்டார். "அது முதல் தடவை அடிக்கும்போது பல சமயம் தவறவிடும். இரை அங்கேயே நடந்துகொண்டிருந்தால் திரும்பி வரும். நீ பிடுங்கி எடுத்துவிட்டால் எதை நோக்கி வரும்? கண்ணை நம்பாதே. கையில் எடை தெரிந்தபிறகு கோலை உயர்த்து" என்றார்.

2022 ஜூனில் ஒரு மேகமூட்டமான காலை. இரண்டு மரங்களுக்கு இடையே என் பொய்யிரை நடந்துகொண்டிருந்தது, அழகாகவே நடந்தது. நீர் வெடித்தது. நான் முழு பலத்தோடு இழுத்தேன். மீன் அதைத் தொட்டிருக்கவே இல்லை. நீரில் எந்தத் தடையும் இல்லாத அந்த முக்கால் அவுன்ஸ், விறைத்த நரம்பின் வேகத்தோடு படகை நோக்கிப் பறந்து வந்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய கிழவர் அனிச்சையாகக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வால்முள் அவருடைய முன்கையில் இறங்கியது.

கையைத் தூக்கியிராவிட்டால் என்று நான் இன்றும் சில இரவுகளில் நினைத்துப்பார்க்கிறேன்.

அவர் சத்தம் போடவில்லை. கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். முள்ளின் எதிர்செதில் தோலுக்குள் போயிருந்தது. வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். முதலில் பொய்யிரையை முள்ளிலிருந்து கழற்றச் சொன்னார். பிறகு தடித்த நரம்பில் ஒரு கண்ணியை முள்ளின் வளைவில் மாட்டச் சொன்னார். முள்ளின் காம்பைத் தன் இடதுகை விரலால் தோலோடு அழுத்திக்கொண்டார். அப்படி அழுத்தும்போது செதில் சதையை விட்டு விலகும். கண்ணுக்கு அருகில் என்றால் இதைச் செய்யவே கூடாது, மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும் என்று, பாடம் நடத்தும் குரலில் சேர்த்துக்கொண்டார். "இப்போது ஒரே இழுப்பு. தயங்கினால் எனக்குத்தான் வலிக்கும்."

இழுத்தேன். முள் வந்துவிட்டது. அந்த ஏரியில் அதுவரை நான் சரியாக இழுத்த ஒரே இழுப்பு அதுதான்.

அவர் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர். சிறு துளைதான், ஆனால் நிற்கவில்லை. துண்டை மடித்து அரைமணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தோல் காகிதம்போல மெலிந்திருந்தது. முப்பது வருடம் கடிதங்கள் சுமந்த கை. நான் மன்னிப்புக் கேட்டேன். "இத்தனை நாள் மீனுக்கு நாம் செய்தது இதுதான்" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை, ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். திரும்பும் வழியில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டார். பிளேனோ வரும்வரை நாங்கள் அதிகம் பேசவில்லை.

இனி அழைக்கமாட்டார் என்றே நினைத்தேன். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலை வாசலில் வந்து நின்றார். கையில் என் பொய்யிரை. ஆறு முனைகளிலும் எதிர்செதில்களைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தார். "இனி எல்லோருக்கும் வலி குறைவு. ஆனால் ஒன்று, மாட்டியபிறகு நரம்பு தொய்ந்தால் மீன் கழன்றுவிடும். முதலில் விடவேண்டும், பிறகு விடவே கூடாது. நாலு மணிக்குத் தயாராக இரு" என்றார்.

அந்த ஆண்டு செப்டம்பரில், கதிர் எழுமுன், நீர் உடைந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமலிருப்பதற்காகப் பற்களைக் கடித்துக்கொண்டேன். பொய்யிரை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. நடக்கவிட்டேன். இடது, வலது. மறுபடி நீர் சுழித்தது, இம்முறை சத்தமேயில்லை, பொய்யிரை காணாமல்போனது. கையில் எடை வந்தது. கோலை உயர்த்தினேன்.

பத்தொன்பது அங்குலம். லேக் ஃபோர்க்கின் விதிப்படி பதினாறிலிருந்து இருபத்துநான்கு அங்குலம்வரை உள்ள பாஸை உடனே திரும்ப விடவேண்டும். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றினேன், அரம்போலச் சொரசொரத்தது. செதிலற்ற முள் விரல்பட்டதும் கழன்றது. நீருக்குள் கையைத் தாழ்த்தினேன். சற்று நேரம் என் கையிலேயே நின்றுவிட்டுப் போனது. அப்பா இருந்திருந்தால், தின்னாத மீனை எதற்குப் பிடித்தாய் என்று கேட்டிருப்பார். எனக்கு இன்றும் அதற்குச் சரியான பதில் இல்லை.

2024இல் கிழவர் படகை விற்றுவிட்டு ஓக்லஹோமாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இப்போது பக்கத்துக் குளங்களின் கரையிலிருந்து வீசுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை அடித்தது, எத்தனை மாட்டியது என்று கணக்குச் சொல்வேன். மாட்டாத ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்ணா, கையா?"

பெரும்பாலும் கண் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.