தேம்ஸ் கரையில் தரை டிக்கட்

லண்டனுக்குப் போயும் அரண்மனை வாசலில் காவல் மாறும் வேடிக்கையைப் பார்க்காமல் திரும்பிய பிரகிருதிகள் நாமாகத்தான் இருக்கவேண்டும். 2014-ஆம் ஆண்டு காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், நம் சகதர்மிணியின் தம்பி அழைத்ததன் பேரில், இருவருமாக ஒன்பது நாள் அங்கே தங்கினோம். ஊர் பார்க்கும் ஓட்டம் கூடாது. பகலில் மனம் போனபடி நடப்பது, மாலையில் நாடகம் அல்லது சினிமா என்று புறப்படுமுன்பே தீர்மானமாகிவிட்டது. தீர்மானம் செய்தவர் சகதர்மிணி. செலவுக் கணக்கு நம்முடையது.

அந்தக் கணக்கினால் வந்ததுதான் தரை டிக்கட். தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள 'குளோப்' நாடகக் கொட்டகையில் நின்றுகொண்டு பார்ப்பதற்கு அப்போது ஐந்து பவுன். நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். பெஞ்சியில் உட்காரவேண்டுமானால் அதைப்போல் பல மடங்கு. "இவ்வளவு தூரம் வந்து நின்றுகொண்டா பார்ப்பது?" என்று அம்மாள் கேட்டது நியாயமே. நடுவிலுள்ள முற்றத்தில் சுமார் எழுநூறு பேர் நிற்கிறார்கள். மேலே திறந்த வானம். மழை வந்தாலும் குடை விரிக்கக் கூடாது. நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரவும் கூடாது. காவலுக்கு நிற்பவர்கள் புன்சிரிப்புடன் எழுப்பிவிடுகிறார்கள்.

ஷேக்ஸ்பியர் காலத்துக் கொட்டகை 1599-இல் எழுந்தது. 1613-இல் நாடகத்துக்காக வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பட்டு எரிந்து போயிற்று. மறு வருஷமே திரும்பக் கட்டினார்கள். 1642-இல் லண்டன் நாடகசாலைகள் யாவும் மூடப்பட்டபோது அதற்கும் முடிவு வந்தது. ஸாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் 1949-இல் அந்த இடத்தைத் தேடிக்கொண்டு போனார். கண்டது ஒரு சுவரும் அதில் பதித்த ஒரு தகடுமே. 1970-இல் அதற்கென ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 1997-இல் இப்போதுள்ள கொட்டகை திறக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை, 1993-இலேயே காலமாகிவிட்டார். ஓக் மரச் சட்டங்களை மர ஆணிகளால் பூட்டிக் கூரைக்கு நாணல் வேய்ந்திருக்கிறார்கள். 1666-ஆம் வருஷப் பெருந்தீக்குப் பிறகு லண்டன் நகரில் அனுமதி பெற்ற முதல் நாணற் கூரை அதுதான்.

அன்றைய நாடகம் 'ஜூலியஸ் ஸீஸர்'. பத்து வருஷமாக அதை நாம் வகுப்பில் நடத்தி வந்தோம். ஆண்டனியின் பிரசங்கம் வந்தால் கரும்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அணிகளை எழுதிப் போடுவோம். இடையிடையே குடிமக்கள் கூவும் வரிகளைப் பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிடுவோம். அதற்கு அடுத்தாற்போல், ஸின்னா என்ற கவிஞன் தெருவில் ஜனங்களிடம் அகப்பட்டுக்கொள்ளும் சிறு காட்சியை ஒருநாளும் வாசித்தது கிடையாது.

அங்கே குடிமக்கள் நம் பக்கத்திலே நின்றார்கள். நம்மைப் போலவே டிக்கட் வாங்கியவர் என்று எண்ணிய ஒருவர் திடீரென்று காதருகே கத்தினார். கூட்டம் மேடைப் பக்கம் நெருக்க, நாமும் நெருக்கினோம். ஆண்டனி பேசப் பேச, இன்ன அணி இது என்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவன் சொல்வதெல்லாம் சரியென்றே பட்டது! பிறகு அந்த ஸின்னா வந்தான். நாலு பேர் நாலு கேள்வி கேட்டார்கள். அவன் விழித்த விழியைப் பார்த்து முற்றமே சிரித்தது. நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். சதிகாரர்களில் ஒருவனுக்கும் ஸின்னா என்று பெயர். இவன் வேறு ஆள். அது தெரிந்த பின்னும் அவர்கள் விடவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் நின்றதென்று நமக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நிமிஷத்துக்குள் ஒரு கவிஞன் செத்துப் போனான்.

"நாமும் சிரித்தோமே, பார்த்தீர்களா?" என்றாள் சகதர்மிணி, மெதுவாக.

கடைசியில் எல்லாரும், செத்த ஸீஸர் உட்பட, மேடையில் கைகோத்து நடனமாடினார்கள். இது புதுமையல்ல. 1599-இல் லண்டனுக்கு வந்த பிளாட்டர் என்ற ஸ்விட்ஸர்லாந்து யாத்திரிகர், ஆற்றுக்கு அக்கரையில் கூரை வேய்ந்த கொட்டகையில் ஸீஸர் நாடகம் பார்த்ததையும் முடிவில் நடனம் நடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

அதன்பின் இரண்டு நாள் ஒன்றும் பார்க்கவில்லை. வாட்டர்லூ பாலத்தடியில் பரப்பியிருந்த பழைய புஸ்தகங்களைப் புரட்டினோம். கால்வலிக்குத் தைலம் தேய்த்தோம்.

மைத்துனர் வீடு வட லண்டனில் ஈஸ்ட் பிஞ்ச்லியில். அங்குள்ள ரயில் நிலையத்தின் மேல் 1940-இல் வைத்த வில்லாளி சிலை ஒன்று உண்டு. கையில் வில் இருக்கிறது, அம்பு இல்லை, எய்துவிட்ட பாவனை. அதற்குச் சமீபத்தில் 'பீனிக்ஸ்' என்ற சின்ன சினிமாக் கொட்டகை. 1910-இல் கட்டி 1912-இல் திறந்தது. பீப்பாயை நெடுக அறுத்துக் கவிழ்த்தாற் போன்ற கூரை அக்காலத்தது. சுவரிலுள்ள சித்திரப் பலகைகள் 1938-இல் சேர்ந்தவை. இடித்துவிட்டு ஆபீஸ் கட்டப் பார்த்தபோது, 1985-இல் ஒரு தர்ம ஸ்தாபனம் அதை வாங்கிக் காப்பாற்றிற்று.

அங்கே பார்த்தது 'ஈடா' என்ற போலந்துப் படம். கறுப்பு வெள்ளை, எண்பது நிமிஷத்துக்குச் சற்று அதிகம். கன்னிமாடத்தில் வளர்ந்த ஒரு பெண் தான் யூதக் குடும்பத்தில் பிறந்தவள் என்று அறிகிறாள். பெற்றோரைப் புதைத்த இடத்தைத் தேடிச் சித்தியுடன் போகிறாள். கூச்சல் கிடையாது. யுத்த காலத்தில் அண்டை வீட்டுக்காரர்கள் செய்த காரியம் கொஞ்சங் கொஞ்சமாக வெளிவருகிறது. முகங்களைத் திரையின் அடியோரத்தில் நிறுத்தி, மேலே வெறும் சுவரையும் வானத்தையும் விட்டு வைத்திருக்கிறார் டைரக்டர் பாவ்லிகோவ்ஸ்கி. நமக்கோ அந்த வெற்றிடத்தில் குளோப் கொட்டகை முற்றமும் சிரித்த வாய்களுமே தெரிந்தன. வெளியே வந்து வீட்டுக்கு நடந்தபோது மூவரும் பேசவில்லை.

ஊர் திரும்பிய வாரமே வகுப்பில் பெஞ்சிகளை ஓரமாகத் தள்ளச் சொன்னோம். வாயாடிப் பையன் ஒருவனை ஸின்னாவாக நடுவில் நிறுத்தி, மற்றவர்களைச் சூழ்ந்துகொள்ளச் செய்து, அதுவரை தாண்டி வந்த பக்கத்தைத் திறந்தோம். முதல் கேள்விக்கே சிரிப்பு எழுந்தது. அது எந்த வரியில் நிற்கப் போகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். பக்கத்து வகுப்பு உபாத்தியாயர், என்ன கலாட்டா என்று எட்டிப் பார்த்தார். அவரையும் உள்ளே வந்து கூட்டத்தோடு நிற்கும்படி கேட்டுக்கொண்டோம்.