தேவதைக்கு என்ன விலை?

எங்கள் பக்கம் ஒரு விநோதமான சட்டம் இருக்கிறது. எந்த கெஜட்டிலும் வந்ததில்லை. ஆனால், எல்லோரும் பயபக்தியோடு கடைப்பிடிக்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊசி நூல் எடுத்தால் அது பொம்பளை வேலை. அதே ஊசியை, பஜாரில் கடை போட்டு, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பிடித்தால் அது ஆம்பிளை வேலை. அடுப்பும் அப்படித்தான். வீட்டில் தோசை சுட்டால் அம்மா. ரோட்டோரம் புரோட்டா வீசினால் மாஸ்டர்! இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே வித்தியாசம், கல்லாப்பெட்டி.

நமக்குச் சொந்த ஊர் கூமாப்பட்டி. ஆமாம் சார், 2025-ல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் புண்ணியத்தில் தமிழ்நாடே திடீரென்று உச்சரித்ததே, அதே கூமாப்பட்டி! அதற்கு முன்பெல்லாம் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், 'ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வத்திராயிருப்புக்குப் பக்கத்துல' என்று இரண்டு 'பக்கம்' போட்டு விளக்க வேண்டும். மேற்கே மலை, மலையடியில் பிளவக்கல் அணை, நடுவே தென்னந்தோப்பும் வயலும். டிசம்பர் மாதம் இங்கே ரொம்ப ரம்மியமாக இருக்கும். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. ராத்திரியில் கிறிஸ்துமஸ் கேரல். நடுவில் கொஞ்சம் தூக்கம்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு டீச்சரக்கா. ரிட்டையர் ஆனவர். அந்த வீட்டுக்குள் போனால் டி.வி.க்கு ஒரு வெள்ளைப் பின்னல் போர்வை, ஸ்டூலுக்கு ஒன்று, தண்ணீர்ப் பானைக்கு மூடியாக ஒன்று. எல்லாம் குரோஷா. ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு பந்து பருத்தி நூல், அவ்வளவுதான் மூலதனம். கிறிஸ்துமஸ் வந்தால் மரத்தில் தொங்கவிட விரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டித் தேவதைகள் பின்னுவார். அதைப் பார்த்துவிட்டு டவுனில் ஒரு கடைக்காரர் முப்பது உருப்படி கேட்டிருந்தார். டீச்சரக்காவுக்கு வலது மணிக்கட்டில் வலி. தெருவை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்ணில் பட்டேன்.

"தம்பி, நீ வீட்ல சும்மாதானே இருக்கே?"

வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஒருவனை கூமாப்பட்டி புரிந்து வைத்திருக்கும் விதம் இது. எட்டு மணி நேரம் பேனா பிடித்தாலும் சும்மா! பேன்ட் போட்டு, டிபன் பாக்ஸ் எடுத்து, பஸ் ஏறினால்தான் வேலை. மறுத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. கொக்கி ஊசியை வாங்கிக்கொண்டேன்.

ஒரு தேவதை எப்படிப் பிறக்கிறாள் தெரியுமா? ஆறு கண்ணியில் ஒரு வட்டம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. நாலைந்து சுற்று அப்படியே போனால் தலை. உள்ளே கொஞ்சம் பஞ்சு அடைத்து, மறுபடி ஆறாகக் குறைத்தால் கழுத்து. அங்கிருந்து சுற்றுக்குச் சுற்று கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக, பாவாடை விரிகிறது. விசிறி மாதிரி இரண்டு சிறகு, தலைக்கு மேல் ஓர் ஒளிவட்டம், தொங்கவிட ஒரு நூல். கேட்க சுலபம். ஆனால், கண்ணியை எண்ணும்போது எவனாவது "என்ன மாப்ளே, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆரம்பத்திலிருந்து எண்ண வேண்டியதுதான். எவனாவது என்ன, தெருவே கேட்டது! "மாப்ளே, பூ கட்டவும் கத்துக்கோ" என்று ஒருவன். "கபிரியேல், மிகாவேல்னு சம்மனசுகளுக்கெல்லாம் ஆம்பிளைப் பேருடா. மரத்துல தொங்குறப்ப மட்டும் எப்படிடா பாவாடை?" என்று இன்னொருவன். (கேள்வி நியாயம்தான். பதில் என்னிடம் இல்லை.)

பின்னி முடித்தால் தேவதை துவண்டு விழுவாள். நிமிர்ந்து நிற்க கஞ்சி வேண்டும். சிலர் சர்க்கரைப் பாகில் நனைப்பார்கள். எங்கள் ஊர் எறும்புகளை அறிந்த டீச்சரக்கா சோற்றுக் கஞ்சிதான் போடுவார். கடலைப் பொட்டலம் மாதிரி காகிதக் கூம்பு செய்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, நனைந்த பாவாடையை மாட்டி, சிறகைக் குண்டூசியால் குத்தி விரித்து ஒருநாள் காயவைத்தால், பரலோகத்துக்கு ரெடி.

என் முதல் தேவதைக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. மொத்தம் ஒன்பது மணி நேரம். டீச்சரக்காவுக்கு இரண்டு மணி நேரம்.

"இதுக்கெல்லாம் இப்ப மெஷின் வந்திருக்குமேக்கா?" என்று கேட்டேன். பக்கத்து ராஜபாளையத்தில் 1936-லேயே நூல் மில் வந்துவிட்டது. அதையடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் தறிகள் பேண்டேஜ் துணியாக நெய்து தள்ளுகின்றன. நூற்க மெஷின், நெய்ய மெஷின் என்று இருக்கும்போது, கொக்கி போட மட்டும் இல்லாமலா போகும்?

இல்லை சார்! நிஜமான குரோஷாவைப் பின்னித் தள்ளும் மெஷின் எந்த ஆலையிலும் ஓடவில்லை. ரெடிமேட் கடையில் அதே சாயலில் பார்ப்பது வேறு வகை மெஷின் பின்னல். அசல் குரோஷா என்றால், அது எந்த ஊர்க் கடையில் எந்த விலைக்குத் தொங்கினாலும், ஒரு மனித ஜென்மம் உட்கார்ந்து கண்ணி எண்ணியிருக்கிறது என்று அர்த்தம். இது தெரிந்த பிறகு, மலிவாக விற்கும் குரோஷாவை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இந்த மாதிரி வேலைக்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. அயர்லாந்தில் 1845-லிருந்து சில வருஷம் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, குரோஷா பின்னி விற்றுத்தான் பல குடும்பங்கள் கஞ்சி குடித்தன. கன்னியாஸ்திரீகள் பள்ளி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கும் முன்பே நம் நாகர்கோவிலில், மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அது கொக்கி ஊசி வேலையல்ல. மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுவது. அவருடைய மகள் எலைசாதான் 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டவர். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய அதே கால்டுவெல்! அந்த அம்மா இடையன்குடிக்கும் லேஸைக் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் சரித்திரங்கள் சொல்கின்றன. யோசித்துப் பாருங்கள். ஒரு நூல் பந்தைக் கொண்டு ஒரு பெண் தன்னையே விலைக்கு வாங்கிக்கொள்ள முடிந்திருக்கிறது. காரணம் ஒன்றுதான். அந்த வேலைக்குக் கூலி கைக்கு வந்தது.

கூலி கைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திராவின் நரசாபுரம் சாட்சி. அங்கே குரோஷா லேஸ் பெரிய ஏற்றுமதித் தொழில். மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்து, 1982-ல் புத்தகமாக எழுதினார். பெண்கள் நாள் முழுக்கப் பின்னுகிறார்கள். வியாபாரம் ஆண்கள் கையில். ஆனால் கேட்டால், 'அவங்க வீட்டுல சும்மா இருக்கிறவங்க, பொழுதுபோக்கா பின்னுறாங்க' என்ற பேச்சு. பொழுதுபோக்குக்கு யாராவது முழுக் கூலி கொடுப்பார்களா?

'சும்மா' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே ஜாதியாயிற்றே! பி.காமில் காஸ்டிங் படித்தது வீண் போகக் கூடாது என்று ஒரு பேப்பரை எடுத்தேன்.

தேவதை ஒன்றுக்கு நூல், பஞ்சு, கஞ்சி எல்லாம் சேர்த்து 12 ரூபாய். கடைக்காரர் தருவதாகச் சொன்ன விலை 40. மிச்சம் 28. இரண்டு மணி நேர வேலைக்கு 28 என்றால், மணிக்கு 14. எட்டு மணி நேரம் விடாமல் பின்னினால் 112. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். கச்சிதமாக மூன்றில் ஒரு பங்கு! நாற்பது வருஷம் கை பழகிய ஒரு வேலைக்கு!

பேப்பரை டீச்சரக்காவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் பார்த்தார்.

"எட்டு மணி நேரத்துக்கு 336-ன்னா, ரெண்டு மணி நேரத்துக்கு 84. பன்னெண்டு சேத்தா 96. அப்படித்தானே தம்பி?"

"ஆமாக்கா."

"இத்தனை வருஷமா 'நூல் எவ்வளவு ஆச்சு டீச்சர்?'னுதான் எல்லாரும் கேட்டிருக்காங்க. நேரம் எவ்வளவு ஆச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்லப்பா."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடனே எழுந்து வர முடியவில்லை.

கடைக்காரர் வந்தார். 96 என்றதும் சிரித்தார். "மெஷின்ல செஞ்சது இதைவிடச் சல்லிசா வருது டீச்சர்" என்றார்.

"அந்த மெஷின் எங்கே இருக்குன்னு சொல்லுங்கண்ணே. நானும் போய்ப் பார்த்துட்டு வர்றேன். எனக்கும் கை வலிக்குது" என்றார் டீச்சரக்கா, குரலை உயர்த்தாமல்.

முப்பது கேட்டவர், கடைசியில் அதே 96-க்கு எட்டு மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றவை ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்குப் போயின. நஷ்டமா, லாபமா? எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இதற்கு விடை இருக்காது. ஆனால், அந்த எட்டுக்கும் முழு விலை வந்தது.

ஆபீஸ் போகும் நண்பர்களே, ஒரே ஒரு விண்ணப்பம். இந்த டிசம்பரில் கைப்பின்னல் எதையாவது பார்த்தால், விலையைக் குறைக்கச் சொல்லும் முன் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் நீங்களே ஒன்று பின்னிப் பாருங்கள். மீசைக்கு ஒன்றும் ஆகாது. என்னுடையது பத்திரமாக இருக்கிறது. அப்புறம், ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் விழுகிற தோசைக்கும் மனசுக்குள் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாவு, எண்ணெய், கேஸ்... நான்காவதாக ஒரு வரி வரும்.

நான் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தோசையை எழுந்து போய் நானே சுட்டுக்கொண்டேன்.